புழுவெட்டு வந்த தலையில் புற்றுநோய் வருமா?

கேள்வி: எனக்கு வயது 31. வலையங்குளம் பக்கம் ஒரு கிராமம். தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். 25 வயதில் காதுக்குப் பின்னால் காசு அளவுக்குப் புழுவெட்டு ஆரம்பித்தது. இரண்டே வருடத்தில் தலை முழுக்கப் போய்விட்டது, புருவமும் பாதி போனது. ஏழு மாதமாக மதுரையில் ஒரு தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த டோஃபாசிடினிப் மாத்திரை சாப்பிடுகிறேன். பூனைமுடியாக வந்தது இப்போது விரல்கடை நீளம் வளர்ந்திருக்கிறது. இந்த நேரம் பார்த்து என் சித்தி மகன் செல்போனில் எதையோ படித்துவிட்டு, "இது உடம்பே உடம்பைத் தாக்குகிற நோய், இப்படி முடி போனவர்களுக்குத் தோல் கேன்சர் வரும், நீ சாப்பிடுகிற மாத்திரையிலேயே கேன்சர் எச்சரிக்கை போட்டிருக்கிறது" என்கிறான். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி அப்பா ஒரே பிடிவாதம். இது எங்களுக்குப் பரம்பரை என்றும் நினைக்கிறேன். அம்மாவுக்கும் (58 வயது) உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது, வெள்ளைத் தழும்பு மாதிரி. பூ எடுக்கப் போவார், புல்லுக்கட்டும் சுமப்பார். கொஞ்ச நாளாக அதில் ஒரு பொருக்கு. உரிந்தால் ரத்தம் வருகிறது. சின்ன வெங்காயம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பிற்காலத்தில் எனக்கும் அப்படி ஆகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புழுவெட்டு புற்றுநோயாக மாறாது. அது இருப்பதால் தோல் புற்றுநோய் கூடுதலாக வரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மாத்திரையை நாளைக்கே நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நாலைந்து வரிகளைத்தான். அவரை இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் சங்கதி.

புழுவெட்டு அரிதான நோய் கிடையாது. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்துபோகிறது. கிருமிகளை விரட்ட வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு, முடியின் வேரடிக் கிழங்கைச் சுற்றிக் கூடி அதை வளரவிடாமல் அடிக்கிறது. ஆனால் முடியை மறுபடி முளைக்கவைக்கும் மூல அணுக்கள் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கின்றன. அவை தப்பித்துக்கொள்கின்றன. அதனால்தான் வருடக்கணக்கில் மொட்டையாக இருந்த உங்கள் தலையில் இப்போது முடி வருகிறது. தோலில் தழும்பு விழுவதில்லை, துளைகள் மூடிப்போவதில்லை. இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா விஷயத்தில் திரும்பவும் வரும்.

உங்கள் தம்பி சொன்ன "உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்" என்பது சரி. அதிலிருந்து அவர் தாவிய முடிவுதான் சரியில்லை. அமெரிக்காவில் புழுவெட்டு உள்ளவர்களின் மருத்துவப் பதிவுகளையும் இல்லாதவர்களின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புழுவெட்டு உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவாகவே இருந்தது. வெண்புள்ளி உள்ளவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்விலும் அப்படித்தான்: நிறமி அணுக்களில் வரும் மெலனோமா உட்பட தோல் புற்றுகள் மற்றவர்களைவிடக் குறைவு. காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தவர்கள் சொல்வது இது. இந்த இரண்டு நோயிலும் தோலின் பாதுகாப்புப் படை கொஞ்சம் மிகையான விழிப்போடு இருக்கிறது, அதிலும் நிறமி சம்பந்தப்பட்ட அணுக்கள்மேல் அதற்கு ஒரு கண். புழுவெட்டில் கருமுடி கொட்டி நரைமுடி மட்டும் தப்பி நிற்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அப்படிப்பட்ட விழிப்பு, முளைவிடும் புற்று அணுவையும் சேர்த்துத் தட்டிவிடலாம். நான் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன். தலையில் முடி இல்லாதவர்கள் வெளியே போகும்போது மூடிக்கொண்டு போவார்கள், வெயிலையே தவிர்ப்பார்கள். அதுவும் காரணமாக இருக்கலாம். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் வேறு. எப்படிப் பார்த்தாலும் பயப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

முடி இல்லாத தலையில் வெயில் நேராக விழுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெள்ளைத் தோல்காரர்களில் வழுக்கை விழுந்த ஆண்களுக்கு உச்சந்தலையில் வெயில் செதில்களும் அதிலிருந்து புற்றும் வருவது சகஜம். நம் தோலில் இருக்கும் கருநிறமி அந்த வேலையைப் பெரிய அளவில் தடுத்துவிடுகிறது. 1979-ல் ஒரு கணக்குப் போட்டார்கள்: கறுப்பர்களின் மேல்தோல் வெயிலுக்குக் கொடுக்கும் காப்பு 13 என்றால், வெள்ளையர்களுடையது 3-க்குச் சற்று மேல். நாம் இரண்டுக்கும் நடுவில். நம் ஊரில் வரும் மொத்தப் புற்றுநோய்களில் தோல் புற்று மிகச் சிறிய பங்குதான். அதற்காக மதுரைக் கத்திரி வெயிலில் வெறுந்தலையோடு போங்கள் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் நிற்க நேர்ந்தால் குடை பிடியுங்கள், பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. நெருக்கமாக நெய்த துணி அதைவிட நன்றாக வேலை செய்யும், வியர்வையில் வழிந்து கண்ணில் எரியவும் செய்யாது.

இனி மாத்திரை. தம்பி படித்த எச்சரிக்கை உண்மையானது. 2021 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டோஃபாசிடினிப்புக்கும் அந்த இனத்து மருந்துகளுக்கும் புற்றுநோய், மாரடைப்பு, ரத்த உறைவு பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 4,362 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த சோதனை அது. எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். சிகரெட், பிரஷர், சர்க்கரை மாதிரி இதயத்துக்கு ஆகாத ஏதாவது ஒன்றாவது எல்லோருக்கும் உண்டு. இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4.2 பேருக்கும், ஒப்பீட்டுக்கு வேறொரு ஊசி மருந்து போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 2.9 பேருக்கும் புற்றுநோய் வந்தது. இது தோலின் சாதாரணப் புற்றுகளைச் சேர்க்காத கணக்கு. அவையும் மாத்திரை பக்கம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தன. இந்த வித்தியாசத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் 31 வயதில், வேறு நோய் இல்லாத, புகைக்காத ஒரு டீச்சருக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கி வைக்கவும் முடியாது. இதே எச்சரிக்கை தெரிந்துதான், 2022 ஜூனில் இதே இனத்தைச் சேர்ந்த பாரிசிடினிப்பைக் கடுமையான புழுவெட்டுக்கு அமெரிக்காவில் அனுமதித்தார்கள். டோஃபாசிடினிப்புக்குப் புழுவெட்டுக்கென்று அந்த அனுமதி கிடையாது. விலை கட்டுப்படியாவதால் இங்கே தோல் மருத்துவர்கள் அனுபவத்தில் கொடுத்துவருகிறார்கள்.

இந்த மாத்திரையில் நம் ஊரில் நான் முதலில் கவலைப்படுவது காசநோயைப் பற்றி. உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசக் கிருமியை இது எழுப்பிவிடலாம். ஆரம்பிக்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் மஞ்சள்காமாலைக் கிருமிச் சோதனைகளும் எடுத்தார்களா? இடையிடையே ரத்த அணுக்கள், கொழுப்பு, ஈரல் பார்க்கிறார்களா? எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள். அப்புறம் அக்கி. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அக்கி வர வாய்ப்பு அதிகம். ஒரு பக்கமாகக் கொப்புளம் வரிசை கட்டினால், வேளாரிடம் போய்க் காவியில் சிங்கம் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கு முன்னால், முடிந்தால் மூன்று நாளுக்குள், டாக்டரைப் பார்த்து அக்கி மாத்திரையை ஆரம்பித்திருக்க வேண்டும்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதால் ஒன்று. இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் கூடாது. கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது நாலு வாரம் போக வேண்டும். ஆகவே அப்பா கேட்கும் கேள்வியை "நிறுத்தலாமா வேண்டாமா" என்று கேட்பதைவிட, "எப்போது, எப்படி நிறுத்துவது" என்று உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடி கொட்டுகிறது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுவதா என்பதற்கு நான் மருத்துவராக ஒன்றும் சொல்ல முடியாது. வயதில் மூத்தவன் என்ற முறையில் கேட்டால், சொல்லிவிடுங்கள் என்பேன்.

புழுவெட்டுக்காக இதற்கு முன் என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. முடி இல்லாத இடத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசியால் புற்றுநோய் வராது. அதிகமாகப் போட்டால் அந்த இடம் குழி விழும், அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின் மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிட்டிருந்தாலோ, சோரலென் மருந்து கொடுத்து வெயிலிலோ விளக்கிலோ நூற்றுக்கணக்கான தடவை உட்கார வைத்திருந்தாலோ அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த இரண்டும் தோலை வெயிலின் சேதத்துக்குத் திறந்துவிடக்கூடியவை. நீண்ட காலம் எடுத்துக்கொண்ட வெள்ளைத் தோல்காரர்களில் தோல் புற்று கூடியது நன்றாகத் தெரிந்த விஷயம். சில மாதம் மட்டும் எடுத்திருந்தால் கவலை வேண்டாம்.

இப்போது அம்மாவிடம் வருவோம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு இருப்பது உங்களுக்கு இருக்கும் நோய் இல்லை என்றே தோன்றுகிறது. கடிதத்தை வைத்து நோயைக் கண்டுபிடித்துவிட முடியாது, தலையைப் பார்க்காமல் நான் எதையும் அடித்துச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் புழுவெட்டில் தோல் வழவழவென்று, இயல்பான நிறத்தில், முடித்துளைகளோடு இருக்கும். வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கிறது என்கிறீர்கள். பன்னிரண்டு வருடம் ஒரே இடத்தில் நின்று தழும்பும் விழுந்த வழுக்கை என்றால் என் மனசில் முதலில் வருவது டிஸ்காய்டு லூப்பஸ். அதுவும் உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்தான். ஆனால் இது வேரின் மேல்பகுதியையும் மூல அணுக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. துளை மூடிவிடும், முடி திரும்பாது. நடுவில் நிறம் போய் வெளுக்கும், ஓரம் கறுத்து நிற்கும். நோய் தீவிரமாக இருக்கும் கட்டத்தில் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் செதிலை இடுக்கியால் மெதுவாகத் தூக்கி, திருப்பி வைத்து லென்ஸில் பார்ப்போம். அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முடித்துளைக்குள்ளும் இறங்கியிருந்த அடைப்புகள் அவை. காதுமடலின் குழிவிலும் பலருக்கு இதே மாதிரி கருந்திட்டு இருக்கும். அம்மாவின் காதுக்குள் இன்று வெளிச்சத்தில் கொஞ்சம் பாருங்கள். உதட்டையும் பாருங்கள்.

உடம்பே உடம்பைத் தாக்கும் முடி உதிர்வுக்கும் தோல் புற்றுநோய்க்கும் உறவு உண்டா என்று பொதுவாகக் கேட்டால், உண்டு என்று நான் சொல்லக்கூடிய இடம் இந்த லூப்பஸ் தழும்புதான். பல வருடம் பழகிய, நிறம் போன, வெயில் படும் தழும்பில், மேல்தோல் அணுக்களில் உண்டாகும் ஸ்குவாமஸ் வகைப் புற்று கிளம்பலாம். எல்லோருக்கும் வருவதில்லை, சிலருக்குத்தான். நிறமி அந்த இடத்தை விட்டுப் போய்விட்டதால், நம் தோலுக்கு மேலே சொன்னேனே, அந்தக் காப்பு அங்கே கிடையாது. வைகைக் கரையில் உள்ள பெண்ணின் தலையில் வெள்ளைக்காரர் தோல் ஒரு உள்ளங்கை அளவுக்கு இருப்பது போல வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சும்மாடு கட்டிப் புல்லுக்கட்டு சுமந்தால் உராய்வும் சேர்கிறது.

நம் நாட்டில் தோல் புற்று வெயிலால் மட்டும் வருவதில்லை, தழும்பையும் ஆறாத புண்ணையும் தேடியும் வருகிறது. பழைய தீக்காயத் தழும்பு, தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் வருடக்கணக்காக ஆறாத குழிப்புண், இடுப்பில் வேட்டியோ பாவாடை நாடாவோ இறுக்கி இறுக்கித் தடித்த இடம். இந்த வேட்டிப் புற்றை 1945-லேயே இந்திய மருத்துவர்கள் கனோல்கரும் சூர்யாபாயும் எழுதிவைத்திருக்கிறார்கள். இடுப்பில் நாடா பதியும் இடத்தில் தோல் கறுத்து, செதில் விட்டு, வெடித்தால் "சேலை கட்டுகிற எல்லாருக்கும் இருப்பதுதானே" என்று நம் பெண்கள் விட்டுவிடுவார்கள். நாடாவை அகலமாக மாற்றி, கட்டும் இடத்தையும் மாற்றிக் கட்டச் சொன்னால் தடிப்பு அடங்கும். இது உங்கள் கேள்வியில் இல்லாத விஷயம், ஆனால் பூக்காட்டில் குனிந்து நிமிரும் பெண்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதினேன்.

அம்மாவுக்குப் புதிதாக வந்திருக்கும் பொருக்குக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடம் சும்மா இருந்த தழும்பில் ஒரு இடம் மட்டும் தடித்து, பொருக்குக் கட்டி, தொட்டால் ரத்தம் வந்து, ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அதைச் சோதித்தே ஆக வேண்டும். வெறும் புண்ணாகவும் இருக்கலாம். தேய்த்த வெங்காயத்தாலேயே வெந்திருக்கலாம். சின்ன வெங்காயத்தை நான் கேலி செய்யவில்லை. புழுவெட்டுக்கு வெங்காயச் சாறு தடவிப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2002-ல் பாக்தாதிலிருந்து வந்தது, பலருக்கு முடியும் வந்தது. ஆற்றுத்தும்மட்டிக்காயையும் அதற்காகத்தான் தேய்க்கிறார்கள், அதுவும் தோலை உறுத்தும். ஆனால் துளையே மூடிப்போன தழும்பில் எதைத் தேய்த்தாலும் முளைக்க ஒன்றுமில்லை. உறுத்தல்தான் மிச்சம். சேராங்கொட்டைப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். அது வெந்து போட்ட தழும்போடு, இருந்த முடியும் போய் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெங்காயத்தை இன்றோடு நிறுத்துங்கள். பொருக்கைப் பிய்க்க வேண்டாம்.

டாக்டர் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பார். இங்கேதான் வீட்டில் தகராறு வரும் என்று எனக்குத் தெரியும். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று யாராவது ஒரு அத்தை சொல்வார். பரவாது. மரப்பு ஊசி போட்டு, பென்சில் மாதிரி ஒரு குழாய்க் கத்தியால் நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்து, ஓரிரு தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும், பிறகு இழுப்பது மாதிரி மட்டும் தெரியும். நாள் தள்ளிப்போட்டால்தான் பரவும். லூப்பஸ் தழும்பில் வரும் புற்று சாதாரண வெயில் புற்றைவிட வேகமாகப் போகக்கூடியது. சின்னதாக இருக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும். கழுத்தில், காதுக்குப் பின்னால் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று டாக்டர் தடவிப் பார்ப்பார். நீங்களும் பார்க்கலாம்.

புற்று இல்லை, லூப்பஸ் மட்டும் என்று வந்தால் மருந்து இருக்கிறது. ஸ்டீராய்டு களிம்பு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை, வெயில் காப்பு. மாத்திரை நீண்ட நாள் ஓடினால் வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை அவசியம். போன முடி திரும்பாது, திட்டு மேலும் பரவாமல் நிற்கும். மூட்டு வலி, வாய்ப்புண், சிறுநீரில் நுரை இருக்கிறதா என்றும் கேட்பார்கள். தோலோடு நிற்கும் லூப்பஸ் சிலருக்கு உள்ளேயும் இறங்கும் என்பதால் ரத்தமும் சிறுநீரும் பார்ப்பார்கள்.

உங்களுக்கும் அம்மா மாதிரி ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். புழுவெட்டு லூப்பஸாக மாறுவதில்லை. ஒரே குடும்பத்தில் இந்த மாதிரி நோய்கள் வேறு வேறு உருவத்தில் வருவது உண்டு. தைராய்டு, வெண்புள்ளி, சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் வகைச் சர்க்கரை எல்லாம் அந்தச் சுற்றத்தில் அடக்கம். வருடம் ஒருமுறை தைராய்டு பார்த்துக்கொண்டால் போதும்.

அம்மா பூ எடுக்கப் போவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். விடிவதற்குள் எடுக்கும் மொட்டுக்கு வெயிலும் கிடையாது. பத்து மணிக்கு மேல் காட்டில் நிற்க வேண்டியிருந்தால் முந்தானைக்குப் பதில் கெட்டியான துண்டை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளட்டும், மெல்லிய நைலக்ஸ் முந்தானையில் வெயில் உள்ளே வரும். புல்லுக்கட்டை, முடிவு தெரியும்வரை, வேறு யாராவது தூக்கட்டும்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு காலையில் நடக்கும், சதைப் பரிசோதனையும் அங்கேயே உண்டு. போகிற அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல், பொருக்கின்மேல் மஞ்சளோ களிம்போ பூசாமல் கூட்டிப்போங்கள், பூசினால் பார்க்க முடியாது. அம்மா சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால், குறிப்பாக ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால், அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் செல்போனில் அந்த இடத்தைப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து இன்றைக்கே ஒரு படம் எடுத்துவிடுங்கள். எத்தனை நாளில் எவ்வளவு வளர்ந்தது என்று டாக்டர் கேட்கும்போது அதைக் காட்டலாம்.